குளிர்காலத்தில் தனியாக இருக்கும் தாயாருக்குப் பராமரிப்பாளர் எந்த நேரத்தில் வர வேண்டும்?

லெனேசியா மகன் — 14 ஜூன் 2025

அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு 81 வயது. தென்னாப்பிரிக்காவில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் நார்த்டேல் பகுதியில், அப்பா கட்டிய வீட்டில், அவர் காலமான பிறகு தனியாகவே இருக்கிறார். நான் ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் வசிக்கிறேன். இடையில் ஏறத்தாழ 500 கிலோமீட்டர். தங்கை டர்பனில் இருக்கிறார். ஒரு நிறுவனத்தின் வழியாகப் பராமரிப்பாளர் ஒருவரை அமர்த்தியிருக்கிறோம். வாரநாட்களில் காலை ஒன்பது மணிக்கு வந்து, குளிப்பாட்டி, சமைத்து, மருந்து கொடுத்துவிட்டு ஒரு மணிக்குப் புறப்படுவார். ஜூலு பேசும் பெண்மணி. அம்மாவை முதலில் ஜூலுவில் பாட்டி என்று பொருள்படும் 'கோகோ' என்றுதான் அழைத்தார், இப்போது நம்மைப் போல 'ஆயா' என்கிறார்.

இந்த வாரம் கிழக்குக் கேப்பில் பெருவெள்ளத்தை உண்டாக்கிய குளிர்முனை (குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பு) எங்கள் பக்கமும் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் வந்தபோது, அம்மா கட்டில் ஓரத்தில் மெல்லிய நைட்டியோடு, ஒரு காலுறையைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். பேச்சு குழறியிருக்கிறது. 'குளிருகிறதா ஆயா?' என்று கேட்டதற்கு, 'இல்லையே' என்றிருக்கிறார். பக்கவாதம் என்று பயந்து மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். அங்கே பார்த்தபோது உடல் வெப்பம் 34.6 பாகை செல்சியஸ். இரண்டு நாட்களில் தேறி வீடு திரும்பிவிட்டார். ஹீட்டரை இரவு பத்து மணிக்கே அவர் அணைத்துவிட்டதும், ப்ரீபெய்ட் மீட்டரில் யூனிட் குறைகிறதே என்ற கவலையே அதற்குக் காரணம் என்பதும் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தன.

நிறுவனத்தார், 'ஒரு மணிக்குப் புறப்படுவதை ஐந்து மணிக்கு என்று ஆக்கிக்கொள்ளுங்கள்' என்கிறார்கள். தங்கையோ, குளிர்காலம் முடியும்வரை அம்மாவை லெனேசியாவுக்கு அழைத்துச் செல்லச் சொல்கிறார். எங்கள் ஊர் மாரிட்ஸ்பர்க்கைவிடக் குளிரானது. அம்மாவும் தன் பூஜையறையை விட்டு வர மறுக்கிறார். நினைத்தவுடன் காரை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்ற துணிவும் எனக்கு இல்லை. 2024 செப்டம்பரில் வழியிலுள்ள வான் ரீனன் கணவாயில் பனி கொட்டி என்3 நெடுஞ்சாலை மூடப்பட்டபோது, வாகனங்கள் இரவு முழுதும் நின்ற காட்சியை எல்லோரும் பார்த்தோம். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

நெறியாளர் — 14 ஜூன் 2025

தாயார் நலமடைந்தது குறித்து மகிழ்ச்சி. பராமரிப்பு நிறுவனங்களின் பெயர்களை இந்த இழையில் யாரும் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற செவிலி, சாட்ஸ்வொர்த் — 14 ஜூன் 2025

தம்பி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். எத்தனை மணி நேரம் என்று நிறுவனத்தார் பேசுகிறார்கள். எந்த மணி நேரம் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு நாளின் மிகக் குளிரான வேளை சூரியன் எழுவதற்குச் சற்று முன்னும் பின்னுமாக இருக்கும். இந்த மாதத்தில் நம் பக்கம் ஏழு மணியை ஒட்டித்தான் பொழுது விடிகிறது. மாலை ஐந்து மணி தாண்டியதும் இருட்டிவிடுகிறது. உங்கள் பராமரிப்பாளர் இருக்கும் ஒன்பது முதல் ஒன்று வரையிலான நேரமோ, ஜன்னலைத் திறந்து வைத்தாலே வீடு சூடேறிவிடும் வேளை. ஆபத்தான நேரத்தில் ஆள் இல்லை, ஆள் இருக்கும் நேரத்தில் ஆபத்து இல்லை. அதை ஐந்து மணிவரை நீட்டினால் பாதுகாப்பான நேரத்துக்கு மேலும் பணம் கொடுப்பீர்கள், அவ்வளவே.

'குளிரவில்லை' என்று அம்மா சொன்னதை யாரும் பிடிவாதம் என்று எண்ண வேண்டாம். வயது ஏற ஏறத் தோலின் கீழுள்ள கொழுப்பும் தசையும் குறைகின்றன. குளிரை உணரும் திறனும், நடுங்கி வெப்பம் உண்டாக்கும் திறனும் மங்குகின்றன. உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே போனால் அதைத் தாழ்வெப்பநிலை என்கிறோம். அந்த நிலையில் மூளை மந்தப்பட்டுவிடுவதால், போர்த்திக்கொள்ள வேண்டும் என்ற எண்ணமே அவருக்குத் தோன்றாது. காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு, அதை என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாரே, அதுதான் அந்த மந்தம்.

பராமரிப்பாளருக்கு நான் கற்றுக்கொடுப்பது ஒன்று உண்டு: கையையும் காலையும் தொட்டுப் பார்த்து முடிவு செய்யக்கூடாது, அவை ஆரோக்கியமானவர்களுக்கும் சில்லென்றுதான் இருக்கும். உடைக்குள் கைவிட்டு வயிற்றைத் தொட வேண்டும். வயிறு குளிர்ந்திருந்தால் அது அவசர நிலை. வீட்டிலுள்ள பழைய பாதரச வெப்பமானியை நம்ப வேண்டாம். அதன் அளவுகோலே 35 பாகையில்தான் தொடங்குகிறது, அதற்குக் கீழே போனது அதில் தெரியாது. ஆம்புலன்ஸுக்கு 10177, கைபேசியிலிருந்து 112. அவர்கள் வரும்வரை ஈரத் துணி இருந்தால் மாற்றி, தலை உட்படப் போர்த்தி, நல்ல நினைவோடு இருந்தால் மட்டும் வெதுவெதுப்பான இனிப்புத் தேநீர் கொடுக்கலாம். கைகால்களைத் தேய்ப்பதும், கொதிக்கும் வெந்நீரில் குளிப்பாட்டுவதும், 'சூட்டுக்கு ஒரு மடக்கு' என்று பிராந்தி ஊற்றுவதும் கூடாது. மூன்றையும் நம் வீடுகளில் அன்போடு செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

என் ஆலோசனை இதுதான்: நேரத்தைக் கூட்டுவதற்கு முன் அதை இடம் மாற்றுங்கள். காலை ஆறு மணிக்கு ஒருவர் உள்ளே வர வேண்டும். மாலை இருட்டுவதற்கு முன் ஒருவர் இருக்க வேண்டும்.

கடலோரக்காரர் — 15 ஜூன் 2025

சிஸ்டர் அவர்களிடம் மரியாதையோடு மாறுபடுகிறேன். 1860-இல் இந்தியாவிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நாம். கரும்புத் தோட்டத்து லயங்களில், தகரக் கூரைக்கு அடியில், விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்து விளக்கேற்றிய பாட்டிமார்களை நான் பார்த்திருக்கிறேன். நம் நேட்டால் பகுதிக் குளிரை ஐரோப்பியக் குளிரைப் போலப் பேசுவது மிகை அல்லவா? டர்பனில் ஜூலை மாதப் பகலில் கடலில் குளிக்கிறார்கள். பெற்றவளைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டால் இத்தனை கணக்குக்கும் தேவை இருக்காது என்பது என் தாழ்மையான கருத்து.

ஓய்வுபெற்ற செவிலி, சாட்ஸ்வொர்த் — 15 ஜூன் 2025

ஐயா, அந்தப் பாட்டிமார்களை நானும் பார்த்திருக்கிறேன். அவர்களில் எத்தனை பேர் 81 வயதுவரை இருந்தார்கள் என்றும், 'மாரடைப்பு' என்று எழுதப்பட்ட எத்தனை இறப்புகள் ஜூலை மாதத்து விடியற்காலையில் நடந்தன என்றும் நாம் எண்ணிப் பார்த்ததில்லை. குளிர்காலத்தில் கூடுதலாக நிகழும் இறப்புகளின் விகிதம், பனிக்கட்டி உறையும் ஃபின்லாந்தைவிட மிதமான குளிருள்ள போர்த்துகலில் அதிகம் என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காரணம் எளியது. கடுங்குளிர் நாட்டில் வீட்டைக் குளிருக்காகக் கட்டுகிறார்கள். நம்மைப் போன்ற நாட்டில் வெயிலுக்காகக் கட்டுகிறோம். கூரைக்குக் கீழே காப்பு இல்லை, கதவுக்கு அடியில் விரல் நுழையும் இடைவெளி, தரையில் ஓடு. வீட்டுக்குள் குறைந்தது 18 பாகை இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உங்கள் வீட்டுப் படுக்கையறையில் காலை ஆறு மணிக்கு ஒரு வெப்பமானியை வைத்துப் பாருங்கள். டர்பனாக இருந்தாலும் வியப்படைவீர்கள்.

மாரிட்ஸ்பர்க் மலைகளுக்கு நடுவே குழிவாக அமைந்த ஊர் என்பதால் இரவில் குளிர்காற்று இறங்கித் தங்கிவிடுகிறது. பெர்க் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளிர்முனை வருவதற்கு முந்தைய நாள் உள்நாட்டிலிருந்து வறண்ட சூடான காற்று வீசி, குளிர்காலத்தின் நடுவிலேயே 30 பாகை காட்டும். முதியவர் கம்பளிச் சட்டையைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டுப் படுப்பார். நள்ளிரவில் முனை வந்து சேரும்போது வெப்பம் சரிந்துவிடும். தோட்டத்தில் காற்றின் திசை மாறியதைப் பார்த்து, மாலையே ஜன்னலைச் சாத்தி இரண்டாவது கம்பளியைக் கட்டில் மேல் வைத்துவிட்டுப் போகும் பராமரிப்பாளர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

பிள்ளைகள் பார்த்துக்கொள்வதைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஒரே வீட்டில் நான்கு பிள்ளைகளோடு இருந்தும், காலை எட்டு மணிவரை யாரும் எட்டிப் பார்க்காத அறையிலிருந்து வந்த நோயாளிகளை நான் கவனித்திருக்கிறேன்.

மருந்தாளர், பீனிக்ஸ் — 15 ஜூன் 2025

சில குறிப்புகளை மட்டும் சேர்க்கிறேன். குளிரில் தோலுக்கு அருகிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் இரத்த அழுத்தம் ஏறுகிறது. கோடையில் சரியாக இருந்த மாத்திரை அளவு ஜூன் மாதத்தில் போதாமல் போகலாம். எனவே பராமரிப்பாளர் வாரத்தில் சில நாட்கள் ஒரே நேரத்தில் அளந்து எழுதி வைத்தால், மருத்துவருக்கு அது மிகவும் பயன்படும். அதே சுருக்கத்தால் சிறுநீரும் அதிகமாகச் சுரக்கிறது. அதற்குப் பயந்து முதியவர்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொள்கிறார்கள். தாக உணர்வும் அவர்களுக்குக் குறைவு. விளைவாக உடலில் நீர் வற்றி, இரவில் எழும்போது தலைசுற்றி விழுகிறார்கள். விழுவது வழுக்கலால் மட்டும் நிகழ்வதில்லை. மாலை ஆறு மணிக்குள் தேவையான நீரைக் குடிக்கவைத்து, படுக்கும் முன் கழிவறைக்கு அழைத்துச் சென்று, எழுந்ததும் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்காரப் பழக்குவது ஒரு மாத்திரைக்குச் சமம்.

தூக்க மாத்திரைகளும், சில மனநல மருந்துகளும் உடல் வெப்பத்தைக் காக்கும் திறனைக் குறைக்கின்றன. தைராய்டு குறைவாகச் சுரப்பவர்கள் கூடுதல் கவனத்துக்கு உரியவர்கள். சளி பிடித்ததும் கடையில் தாமாக வாங்கும் மூக்கடைப்பு மாத்திரைகளில் சில இரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். அம்மாவின் கைப்பையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்; என் அனுபவத்தில் மருந்துப் பெட்டியைவிடக் கைப்பைதான் ஆபத்தானது.

காய்ச்சல் தடுப்பூசி போட்டாயிற்றா? நம் நாட்டில் ஃப்ளூ பருவம் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் தொடங்கிவிடுகிறது. ஊசி போட்டு ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்தே பாதுகாப்புக் கிடைக்கும். தவறியிருந்தால் இப்போதாவது போடுங்கள். 65 வயதைக் கடந்தவர்களுக்கு அரசு மருத்துவ நிலையங்களில் கட்டணமில்லை. முதியவர்களுக்கு நுரையீரல் தொற்று வந்தாலும் காய்ச்சல் காட்டாமல் போகலாம். திடீர்க் குழப்பமும் சாப்பாட்டின் மேல் வெறுப்பும் மட்டுமே அறிகுறியாக இருக்கலாம்.

லோடியம் மருமகள் — 16 ஜூன் 2025

நான் பிரிட்டோரியாவில் இருக்கிறேன். மாமியாரை ஒன்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டில் வைத்துப் பார்க்கிறேன். பகலில் நான் வேலைக்குப் போவதால் பராமரிப்பாளரும் வருகிறார். ஆகவே கடலோரக்காரர் ஐயா சொல்வதுபோல் பிள்ளைகள் பார்த்துக்கொள்வது, ஆள் அமர்த்திப் பார்ப்பது என்ற இரண்டு வழிகளும் எனக்குத் தெரியும், இரண்டின் ஓட்டைகளும் தெரியும்.

மூன்று குளிர்காலங்களுக்கு முன், மின்சாரம் அடிக்கடி போகிறது என்பதற்காக ஒரு கேஸ் ஹீட்டர் வாங்கினோம். குளிர் உள்ளே வராமல் இருக்க ஜன்னல் இடுக்குகளில் எல்லாம் நாளிதழைச் செருகினேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். நான்கு நாட்களாக அத்தைக்கு மதியத்தில் தலைவலி, குமட்டல். நான் அதை வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்தேன். 'அம்மா வெளியே வெயிலில் உட்கார்ந்தால் தலைவலி போய்விடுகிறது, உள்ளே வந்தால் திரும்புகிறது, எனக்கும் அப்படித்தான் இருக்கிறது' என்று சொன்னவர் பராமரிப்பாளர். அவருடைய ஊரில் வாளியில் துளையிட்டு நிலக்கரி எரிக்கும் இம்பாவுலாவை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழவில்லை என்பதை அவர் சிறு வயதிலேயே அறிந்திருந்தார். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்கிறது. எரியும் எதுவானாலும், கேஸ், பாரஃபின், கரி என்று எதுவானாலும், ஜன்னல் ஓரளவு திறந்திருக்க வேண்டும். தூங்கும்போது அணைந்திருக்க வேண்டும். அந்த நாளிதழ்களை அன்றே பிடுங்கி எறிந்தேன். அப்போதே ஆறு ஆண்டுகளாகப் பார்த்தவள் நான். கண்டுபிடித்தவர் அதற்கு எட்டு மாதம் முன்பு வந்தவர். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

இப்போது எண்ணெய் நிரப்பிய மின் ஹீட்டர்தான் வைத்திருக்கிறோம். சிவந்து எரியும் கம்பி ஹீட்டருக்கு முன்னால் சேலை முந்தானையோடும் கவுனோடும் குனிவது பெரும் ஆபத்து. அத்தையின் சால்வை ஓரம் ஒருமுறை கருகியது. விடியற்காலையில் காமாட்சி விளக்கு ஏற்றும்போதும் தொங்கும் சால்வையைப் பின்னால் முடிச்சிட்டுவிடுகிறோம். ஹீட்டரை நீட்டிப்புக் கம்பியில் சொருகாமல் சுவரிலுள்ள ப்ளக்கிலேயே சொருக வேண்டும். மின்போர்வையைப் படுப்பதற்கு அரை மணி முன் போட்டு, அவர் படுத்ததும் பராமரிப்பாளரோ நானோ அணைத்துவிடுகிறோம். அத்தைக்குச் சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைவு, சுட்டாலும் தெரியாது. வெந்நீர்ப் பையில் கொதிநீர் ஊற்றாமல், துணி உறை போட்டு, அவர் படுக்கும் முன் எடுத்துவிடுகிறோம்.

லெனேசியா அண்ணன் அவர்கள் இதையும் செய்து பார்க்கலாம். நம் நாட்டில் குளிர்கால வெயில் வடக்கிலிருந்துதான் விழும். இந்தியாவிலிருந்து வந்த உறவினர்களுக்கு இதை விளக்குவதே ஒரு வேலை. அம்மாவின் கட்டில் தெற்குப் பக்க அறையில் இருந்தால், வடக்கு நோக்கிய அறைக்கு மாற்றுங்கள். பராமரிப்பாளர் வெயில் ஏறியதும் திரையை விலக்கி, நான்கு மணிக்குள் இழுத்துச் சாத்திவிட்டால், ஒரு ரேண்ட் செலவில்லாமல் அறை இரண்டு மூன்று பாகை கூடுதலாக இருக்கும். எங்கள் வீட்டில் அளந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கணக்கர், டர்பன் — 18 ஜூன் 2025

எல்லோரும் 'ஆறு மணிக்கு வரச் சொல்லுங்கள்' என்கிறீர்கள். வருபவரின் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். ஆறு மணிக்கு உங்கள் வாசலில் நிற்க வேண்டுமானால், அவர் நான்கரை மணிக்கு எழுந்து, இருட்டில் நடந்து, டாக்ஸி பிடிக்க வேண்டும். உங்கள் தாயார் கட்டிலில் நடுங்கும் அதே குளிர்தான் சாலையிலும் இருக்கிறது.

சட்டத்தில் முதியோரையும் நோயாளிகளையும் வீட்டில் பராமரிப்பவர் வீட்டுப் பணியாளர் என்ற வகையிலேயே வருகிறார். மாலை 6 மணிக்குப் பின்னும் காலை 6 மணிக்கு முன்னும் செய்யும் வேலை இரவு வேலை. அதற்கு எழுத்து மூல ஒப்புதலும், படியும், அவர் அங்கேயே தங்காதவரானால் போக்குவரத்து வசதியும் வேண்டும். 2025 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 28.79 ரேண்ட். ஒருவரை இரண்டு மணி நேரம் மட்டும் அழைத்தாலும் அன்றைக்குக் குறைந்தது நான்கு மணி நேர ஊதியம் தர வேண்டும். ஆகவே 'காலையில் ஒன்றரை மணி, மாலையில் ஒன்றரை மணி' என்று இரண்டு பேரைத் துண்டு துண்டாக அமர்த்துவது சிக்கனமாகத் தோன்றினாலும், கணக்கில் எட்டு மணி நேரமாகவே முடியும். மாதத்துக்கு 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்பவரை வேலையின்மைக் காப்பு நிதியில் பதிவு செய்ய வேண்டும். இரு தரப்பும் ஊதியத்தில் நூற்றுக்கு ஒன்று செலுத்த வேண்டும். வேலையில் காயம் பட்டால் இழப்பீடு பெறும் உரிமையும் 2020 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் வீட்டுப் பணியாளர்களுக்குக் கிடைத்துவிட்டது. கட்டிலிலிருந்து ஒருவரைத் தூக்கி நிறுத்தும் வேலையில் முதுகு பிடித்துக்கொள்வது அரிய நிகழ்ச்சி அன்று. நிறுவனத்தின் வழியாக வருபவரானால், நீங்கள் கட்டும் தொகையில் அவர் கைக்கு எவ்வளவு போகிறது என்று கேட்கத் தயங்காதீர்கள்.

தாயார் 60 வயது நிறைந்தவர்களுக்கான அரசு உதவித்தொகை பெறுபவராகவும், முழுநேரமும் மற்றொருவர் துணை தேவைப்படுபவராகவும் இருந்தால், அதற்கு மேல் துணைக்கான கூடுதல் தொகை ஒன்று உண்டு. உதவித்தொகை வழங்கும் அரசு அமைப்பான சாசாவின் அலுவலகத்தில் மருத்துவச் சான்றோடு விண்ணப்பிக்க வேண்டும். பெரிய தொகை இல்லை. ஆனால் ப்ரீபெய்ட் யூனிட்டுக்கு ஆகும்.

கடலோரக்காரர் — 19 ஜூன் 2025

சிஸ்டர் சொன்னபடி, வீட்டிலுள்ள சிறிய வெப்பமானியை என் படுக்கையறையில் வைத்துக் காலை ஆறு மணிக்குப் பார்த்தேன். 14 பாகை. கடற்கரையிலிருந்து மூன்று கிலோமீட்டர். இதை இங்கே எழுதாமல் இருந்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன்.

ஆனால் ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. விடியும் முன் இருட்டில் கதவைத் திறந்து ஒருவரை உள்ளே விடுவது பாதுகாப்பா? நம் ஊர்களின் நிலைமை எல்லோருக்கும் தெரியும். முதியவர் எழுந்து நடந்து வந்து கேட்டைத் திறக்க வேண்டும் என்றால், அந்த நடையிலேயே விழுந்துவிட மாட்டாரா?

ஓய்வுபெற்ற செவிலி, சாட்ஸ்வொர்த் — 19 ஜூன் 2025

எழுதியதற்கு நன்றி ஐயா. கேட்டது சரியான கேள்வி. முதியவர் வந்து திறக்கும் ஏற்பாடு வேண்டாம். சாவி பராமரிப்பாளரிடம் இருக்க வேண்டும். இன்னொரு சாவி அண்டை வீட்டாரிடம். நம்பிச் சாவி கொடுக்க முடியாத ஒருவரிடம் தாயைக் கொடுக்கலாமா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். வாசலிலும், கட்டிலிலிருந்து கழிவறைக்குப் போகும் வழியிலும் இரவு முழுதும் எரியும் சிறு விளக்கு இருக்கட்டும். மின்சாரம் போனால் தாமே எரியும் பேட்டரி விளக்குகள் லோட் ஷெடிங் காலத்தில் எல்லோரும் வாங்கியவைதாம், எங்காவது இழுப்பறையில் கிடக்கும். வழியிலுள்ள சிறு கம்பளங்களைச் சுருட்டி வைத்துவிடுங்கள். ஓட்டுத் தரையில் வெறும் காலுறையோடு நடப்பது வழுக்கும்; பின்பக்கம் மூடிய, ரப்பர் அடி உள்ள செருப்பு வேண்டும்.

குளியலைக் காலையிலிருந்து பதினொரு மணிக்கு மாற்றுங்கள். நம் பெரியவர்கள் குளிக்காமல் விளக்கேற்ற மாட்டார்கள் என்பது தெரியும். வெந்நீரில் நனைத்த துணியால் முகம், கை, கால் துடைத்து, புதுச் சேலை கட்டி ஏற்றினால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று என் நோயாளிகளிடம் சொல்வேன். பாதிப் பேர் கேட்பார்கள். கீசரின் வெப்பத்தைக் கைவைத்துப் பார்க்கும் வேலையும் பராமரிப்பாளருடையது. மெல்லிய தோல் நொடியில் வெந்துவிடும்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வைத்து, வந்தவுடன் நேரம், அறை வெப்பம், வயிறு எப்படி இருக்கிறது, என்ன சாப்பிட்டார், எப்படிப் பேசினார் என்று ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். ஒரு நாள் எழுதியதில் ஒன்றும் தெரியாது. மூன்று வாரத்தைச் சேர்த்துப் படித்தால், பேச்சு மெதுவானதும் சாப்பாடு குறைந்ததும் எந்த நாளில் தொடங்கின என்பது தெரியும். 500 கிலோமீட்டர் தொலைவிலிருந்து உங்களால் செய்யக்கூடிய பராமரிப்பு அதைப் படிப்பதுதான் தம்பி.

லெனேசியா மகன் — 29 ஜூன் 2025

உங்கள் அனைவருக்கும் நன்றி. இரண்டு வாரங்களில் செய்தவற்றைச் சொல்கிறேன்.

நிறுவனத்தோடு பேசியபோது, காலை ஆறு மணிக்கு ஆள் அனுப்பும் வழக்கம் தங்களுக்கு இல்லை என்றார்கள். அவர் கைக்குப் போகும் தொகையைக் கேட்டதற்கு நேரான பதில் வரவில்லை. ஒப்பந்தத்தை அதன் விதிப்படியே முடித்துக்கொண்டு, பராமரிப்பாளரை, அவருடைய சம்மதத்தோடு, நேரடியாக அமர்த்திக்கொண்டோம். காலை 6 முதல் 10 வரை அவர். பிற்பகல் 2 முதல் 6 வரை அவருடைய நாத்தனார். அவர்கள் வீட்டிலிருந்து வர டாக்ஸி வேண்டாம் என்றாலும், விடியும் முன் நடக்க வேண்டாம் என்பதற்காக, அதே தெருவில் வசிக்கும் ஓட்டுநர் ஒருவருக்கு மாதத் தொகை பேசிவிட்டோம். குறைந்தபட்ச ஊதியத்துக்கு மேலேதான் தருகிறோம். தங்கையும் நானும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்கிறோம். வார இறுதியில் தங்கை டர்பனிலிருந்து வந்து இரவு தங்குகிறார்.

கட்டிலை வடக்கு அறைக்கு மாற்றியதற்கு அம்மா மூன்று நாள் பேசவில்லை. அப்பா இருந்த அறையாம் அது. நாலாம் நாள் அந்த அறையில் வெயிலில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்ததாகத் தங்கை சொன்னார். யூனிட் விஷயத்துக்கு ஒரு தந்திரம் செய்தோம். நான் இங்கிருந்தே யூனிட் வாங்கி, மீட்டரில் பதிய வேண்டிய இலக்கத்தை மட்டும் பராமரிப்பாளருக்கு அனுப்புகிறேன். மீட்டர் எப்போதும் நிறைந்தே இருப்பதால் அணைக்கும் கவலை அம்மாவுக்கு வருவதில்லை. கைப்பையில் மூன்று வகை சளி மாத்திரைகள் இருந்தன. மருந்தாளர் ஐயாவுக்கு வணக்கம்.

மருந்தாளர், பீனிக்ஸ் — 29 ஜூன் 2025

மூன்றுதானா? மகிழ்ச்சி.

லோடியம் மருமகள் — 30 ஜூன் 2025

அண்ணன் அவர்களே, இரவு ஆறு முதல் காலை ஆறு வரை பன்னிரண்டு மணி நேரம் எஞ்சியிருக்கிறது. அதற்கு முழு விடை யாரிடமும் இல்லை. எங்கள் வீட்டிலும் அத்தையின் அறைக் கதவு மூடியிருக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு நீங்கள் ஒரு தொலைபேசி அழைப்புச் செய்து, 'ஹீட்டர் எரிகிறதா, காலுறை போட்டாயிற்றா' என்று கேளுங்கள். பதிலின் பொருளைவிடக் குரல் எப்படி இருக்கிறது என்பதைக் கேளுங்கள்.

லெனேசியா மகன் — 20 ஜூலை 2025

இன்று ஆடி முதல் ஞாயிறு. அம்மா கோவிலுக்குக் கூழ் கொண்டு போயே தீருவேன் என்றார். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து தலைக்குக் குளித்து மீலி (மக்காச்சோள) மாவில் கூழ் காய்ச்சுவது அவர் ஐம்பது ஆண்டுகளாகச் செய்வது. இம்முறை தங்கை முந்தைய இரவே வந்து காய்ச்சினார். பராமரிப்பாளர் ஞாயிறு என்றும் பாராமல் தாமாக வந்தார். குளியல் வெந்நீரில், பாத்ரூமில் ஹீட்டரை முன்பே வைத்து அறையைச் சூடாக்கி, குளிக்கும் முன் வெளியே எடுத்த பிறகு. கோவிலில் செருப்பைக் கழற்ற வேண்டும், கல்தரை பனிபோல இருக்கும் என்று சொல்லி, அடியில் ரப்பர் புள்ளிகள் உள்ள காலுறையை அவர் அம்மாவுக்கு மாட்டிவிட, 'அம்மன் சந்நிதியில் காலுறையா' என்று அம்மா கழற்ற, மறுபடி அவர் மாட்ட, பூசாரி வந்து 'இருக்கட்டும் ஆயா' என்று சொன்ன பிறகே வழக்கு முடிந்திருக்கிறது.

நோட்டுப் புத்தகத்தின் இன்றைய பக்கத்தைத் தங்கை படமெடுத்து அனுப்பினார். தமிழில் தருகிறேன்: 'காலை 5.50. அறை 18. வயிறு சூடு. ஒரு கிண்ணம் கூழ் குடித்தார். பேச்சு தெளிவு. என் மேல் மிகவும் கோபம்.'